அல்புஹார்ரா மலைக்கிராமங்கள்: ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா, தங்க வேண்டுமா?

வாகை

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் வாரம் குடும்பத்தோடு ஸ்பெயின் போகிறோம். நான், கணவர், பத்து வயது மகன், என் அம்மா. மாட்ரிட், செவில்லா, கிரானடா என்று நகரங்களை முடிவு செய்துவிட்டோம். கிரானடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனை பார்த்த பிறகு சில நாட்கள் கையில் இருக்கின்றன. சியெர்ரா நெவாடா மலையின் தெற்குச் சரிவில் அல்புஹார்ரா என்ற பகுதியில் வெள்ளைச் சுவர்களோடு கிராமங்கள் அடுக்கடுக்காக இருக்கும் படங்களைப் பார்த்ததிலிருந்து அங்கேதான் மனம் நிற்கிறது.

கிரானடாவிலிருந்து காலையில் கூட்டிப்போய் மாலையில் கொண்டுவந்து விடும் ஒருநாள் சுற்றுலாக்கள் இருக்கின்றன. பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா, த்ரெவேலெஸ் என்று நான்கு ஊரும் ஒரே நாளில். அது போதுமா? அல்லது அங்கேயே தங்கினால்தான் பலனா? மகனுக்கு மலையில் நடக்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் கொஞ்சம் தகராறு, அதோடு சுத்த சைவம். முட்டை மட்டும் சாப்பிடுவார். போய் வந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்களேன்.

நீர்வழி

வாகை, நான் வேலை நிமித்தமாகக் கிரானடாவில் இருக்கிறேன். நேரம் கிடைத்தால் அந்த மலைக்குத்தான் போவேன். என் பதில் ஒன்றே: தங்குங்கள். நான்கு ஊர் வேண்டாம், ஓர் ஊர் போதும்.

காரணம் சொல்கிறேன். பொகெய்ரா என்ற ஆழமான பள்ளத்தாக்கின் ஒரே பக்கத்தில், த்ரெவேலெஸ் தவிர மற்ற மூன்று ஊர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே பம்பனெய்ரா கிட்டத்தட்ட 1,050 மீட்டர் உயரத்தில், நடுவில் புபியோன், மேலே கபிலெய்ரா 1,430 மீட்டருக்கு மேல். பேருந்தில் வருகிறவர்கள் பதினொரு மணிக்கு இறங்கி, வீதியில் தொங்கும் கம்பளங்களைப் படம் எடுத்து, ஒரு காபி குடித்து, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்க்காமல் போவது தண்ணீரைத்தான்.

தெருவின் நடுவிலேயே கல் பதித்த சின்ன ஓடையில் தண்ணீர் ஓடும். ஊரைவிட்டு வெளியே வந்தால் சரிவின் குறுக்கே வாய்க்கால்கள். அசேக்கியா என்பார்கள். முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வெட்டியவை, பல இன்றும் ஓடுகின்றன. பனி உருகும் தண்ணீரை மலை உச்சிக்குக் கீழே மறித்து, மிக மெல்லிய சரிவில் கிலோமீட்டர் கணக்கில் நடத்திக் கொண்டுவந்து படிக்கட்டு வயல்களுக்கு விடுகிறார்கள். இவற்றில் கரேயோ என்று ஒரு வகை இருக்கிறது. அந்த வாய்க்கால் வயலுக்குப் போவதில்லை. தரை நன்றாக உறிஞ்சும் ஓர் இடம் வரை தண்ணீரைக் கொண்டுபோய் அங்கே வேண்டுமென்றே மண்ணுக்குள் இறக்கிவிடும். வசந்தத்தில் இறங்கிய தண்ணீர் மலைக்குள் மெதுவாக நடந்து, வாரங்கள் மாதங்கள் கழித்து, கோடைக் காய்ச்சலில் கீழே ஊற்றாக வெளிவரும். அணை கட்டாமல், தொட்டி கட்டாமல், மலையையே தண்ணீர்க் களஞ்சியமாக வைத்திருக்கிறார்கள். சரிவில் நிற்கும் செஸ்நட் மரங்களும் ஓக் மரங்களும் அந்தக் கசிவில்தான் வாழ்கின்றன. கடலைப் பார்த்த தெற்குச் சரிவு, வெயில் கொளுத்தும் ஆந்தலூசியா. அங்கே இவ்வளவு பச்சை எப்படி என்று யோசித்தால் பதில் இதுதான்.

இதையெல்லாம் புரிந்துகொள்ள வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சம் நடக்க வேண்டும். பேருந்து ஜன்னலில் கிடைக்காது. அக்டோபரில் மேலே உள்ள சில வாய்க்கால்கள் வறண்டிருக்கலாம், ஆனால் ஊர் ஊற்றுகள் ஓடிக்கொண்டிருக்கும்.

சூரிச் தவம்

நீர்வழி சொன்னது முழுக்கச் சரி. நாங்கள் சுவிஸிலிருந்து பிள்ளைகளோடும் மாமியோடும் போனோம், கபிலெய்ராவில் தங்கினோம். வாகை அக்காவின் நிலைமைதான் எங்களுக்கும், அதனால் நடைமுறை விஷயங்களைச் சொல்கிறேன்.

கார் எடுத்தால் வசதிதான். கிரானடாவிலிருந்து தெற்கே மோத்ரில் பக்கம் போகிற பெருஞ்சாலையில் வந்து, லான்ஹரோன், ஓர்ஹிவா வழியாக ஏற வேண்டும். ஓர்ஹிவாவுக்கு மேல் வளைவோ வளைவு. பின்னால் இருக்கிற சின்னவர்களுக்கு வயிறு பிரட்டும், எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பெட்ரோலையும் ஓர்ஹிவாவிலேயே நிரப்புங்கள். ஊருக்குள் காரை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். கழுதை போகிற அகலத்தில் போட்ட தெருக்கள் அவை. வாசலில் உள்ள தரிப்பிடத்தில் விட்டுவிட்டு நடந்து போங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டி வரும், ஆகவே சில்லு வைத்த பெரிய பெட்டியைக் கிரானடா ஹோட்டலிலேயே கேட்டு வைத்துவிட்டு முதுகுப்பையோடு வருவது நல்லம்.

கார் வேண்டாம் என்றால் கிரானடா பேருந்து நிலையத்திலிருந்து அல்சா பேருந்து மூன்று ஊருக்கும் நேரே போகிறது. நாளுக்குச் சில தடவைதான். இரண்டு, இரண்டரை மணித்தியாலம் எடுக்கும்.

முழங்கால் விஷயம் முக்கியம். மூன்று ஊரிலும் சமதரை என்று ஒன்று கிடையாது. வீடு எடுக்கும்போது வீதியிலிருந்து எத்தனை படி என்று கேட்டு எழுதுங்கள். நாங்கள் அப்படிக் கேட்டதால்தான் மாமிக்குக் கீழ்த்தளத்தில், வாசலுக்கு எதிரே ஊற்றுள்ள வீடு அமைந்தது. அவர் பெரும்பாலும் அந்தத் திண்ணையிலேயே இருந்தார். பாஷை தெரியாமலே பக்கத்து வீட்டு அம்மாவோடு சிநேகிதமாகிவிட்டார். காலையில் கதவைத் திறந்தால் அத்திப்பழம் இருக்கும்.

அடுப்பங்கரை

சைவம் பற்றி யாரும் சொல்லவில்லையே! அதை நான் சொல்கிறேன். இந்த மலையில் பன்றி இறைச்சிதான் பெருமை. த்ரெவேலெஸ் ஊரின் ஹமோன், அதாவது உப்பிட்ட பன்றித் தொடை, காற்றிலேயே மாதக்கணக்கில் உலர்த்தியது. 1862-இல் அரசி இரண்டாம் இசபெல் அதற்குத் தன் முத்திரையைக் கொடுத்தார். உணவகங்களில் விட்டத்திலிருந்து முழுத் தொடைகள் வரிசையாகத் தொங்கும். அம்மாவுக்கு முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், பார்த்தவுடன் முகம் சுளிக்காமல் இருக்க.

ஆனால் பட்டினி கிடக்க வேண்டாம். பாப்பாஸ் அ லோ போப்ரே கேளுங்கள்: உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி, பச்சைக் குடைமிளகாய், வெங்காயம், பூண்டோடு ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வேகவைப்பது. மேலே பொரித்த முட்டை. ஏழைகளின் உருளைக்கிழங்கு என்பார்கள், எனக்கு அந்த மலையில் அதைவிட ருசியானது எதுவும் இல்லை. பிளாத்தோ அல்புஹார்ரேன்யோ என்று பட்டியலில் இருப்பது இதே உருளைக்கிழங்கு, முட்டையோடு ஹமோன், இரண்டு வகைத் தொத்திறைச்சி சேர்ந்த தட்டு. அதில் இறைச்சியை எடுத்துவிட்டுத் தரச் சொன்னால் தருவார்கள். அஹோபிளாங்கோ கிடைத்தால் விடாதீர்கள். பாதாம், பூண்டு, பழைய ரொட்டி, ஆலிவ் எண்ணெய் அரைத்த குளிர்ந்த வெள்ளை சூப். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மலைத்தேன், அத்திப்பழத்தையும் பாதாமையும் சேர்த்து அழுத்திய பான் தெ ஈகோ, இவையெல்லாம் அம்மா தாராளமாகச் சாப்பிடலாம்.

கவனிக்க வேண்டியது சூப்பும் பருப்பு வகைகளும். கொண்டைக்கடலை, பெருஞ்சீரகக் கீரை என்று பெயரில் சாதுவாக இருக்கும், உள்ளே எலும்பு கொதித்திருக்கும். "சைவம்" என்று பொதுவாகச் சொன்னால் சிலர் ஹமோனை இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். இறைச்சி இல்லாமல், ஹமோன் இல்லாமல், மீன் இல்லாமல் என்று அர்த்தம்.

நேரமும் முக்கியம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. நடுவில் கடைகள் மூடிவிடும். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் அம்மாவுக்கு ஒரு ரசமாவது வைத்துக் கொடுக்கலாம். புளி, மிளகாய்த்தூள் ஊரிலிருந்து கொண்டு போங்கள்.

ஒற்றையடி

எல்லோரும் பொகெய்ராவையே சொல்கிறீர்கள். எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. அந்த மூன்று ஊர்களும் அழகுதான், ஆனால் பாதி ஊர் கடை, மீதி ஊர் வாடகை வீடு என்று ஆகிவிட்டது. சனி, ஞாயிறு மதியத்தில் பம்பனெய்ரா சதுக்கத்தில் நிற்க இடம் இருக்காது. ஊர்க்காரர் வாழ்கிற கிராமம் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே போங்கள்.

லா தாஆ பகுதியில் பித்ரெஸ், ஃபெரெய்ரோலா, ஃபொந்தாலெஸ் என்று கைக்கெட்டும் தூரத்தில் சின்னச் சின்ன ஊர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பழைய கழுதைப் பாதையில் நடந்தே போகலாம், தூரமும் ஏற்றமும் அளவானவை, பையனுக்கு ஏற்றவை. கல் பதித்த பாதை, வால்நட் மர நிழல், ஊர்ப் பெண்கள் துணி துவைத்த பழைய கல்தொட்டிகள். பக்கத்தில் போர்த்துகோஸ் ஊரில் ஃபுவெந்தே அக்ரியா என்ற ஊற்று, தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம், இயற்கையாகவே குமிழி விடும். குடித்தால் துருப்பிடித்த ஆணியை நக்கியது மாதிரி இருக்கும், ஆனாலும் குடித்துப் பாருங்கள். அந்தத் தண்ணீர் விழும் பாறை முழுக்கச் செம்பழுப்பு நிறம்.

இன்னும் கிழக்கே பெர்ச்சுலெஸ். 1994 டிசம்பர் 31 இரவில் அந்த ஊரில் மின்சாரம் போய்ப் புத்தாண்டு கொண்டாட முடியாமல் போயிற்று. ஆகஸ்டில் கொண்டாடிக்கொள்கிறோம் என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்டில் அங்கே ஒரு புத்தாண்டு இரவு, ஸ்பானியப் புத்தாண்டு வழக்கப்படி பன்னிரண்டு மணிக்குத் திராட்சை சாப்பிடுவது உட்பட. அக்டோபரில் அது இருக்காது, ஆனால் இப்படிப்பட்ட மனிதர்கள் உள்ள ஊர் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீர்வழி

ஒற்றையடி, லா தாஆ பற்றிச் சொன்னது அருமை. வாகைக்கு அதையும் பரிந்துரைக்கிறேன். ஆனால் சுற்றுலாவால் பொகெய்ரா கெட்டது என்ற கருத்தை அப்படியே ஏற்க மாட்டேன்.

1950-களிலிருந்து இந்த மலை காலியாகிக்கொண்டே வந்தது. பார்சலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் பிழைக்கப் போனார்கள். படிக்கட்டு வயல்கள் தரிசாயின. வயல் இல்லையென்றால் வாய்க்காலைத் தூர்வார ஆள் இல்லை. தூர்வாராவிட்டால் மண் சரிந்து அடைத்துவிடும். வாய்க்கால் நின்றால் ஊற்று நிற்கும், மரம் காயும். 1982-இல் பொகெய்ரா பள்ளத்தாக்கைப் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாக அறிவித்தார்கள். சியெர்ரா நெவாடா 1999-இல் தேசியப் பூங்கா ஆனது. இவற்றால் வந்த வருமானத்தில்தான் பள்ளிக்கூடம், மருந்துக்கடை, பேருந்து எல்லாம் அந்த ஊர்களில் தங்கியிருக்கின்றன.

என் கவலை வேறு. விருந்தினர் விடுதி நடத்துகிறவருக்கு வயல் வேண்டாம். வீடு பளபளவென்று இருக்கும், பின்னால் மலை வறளும். அதற்கு என்ன செய்யலாம் என்று கிரானடா பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் யோசித்தார்கள். 2014-இல் காஞ்யார் என்ற ஊருக்கு மேலே கைவிட்டுக் கிடந்த வாய்க்கால் ஒன்றை ஊர்ப் பாசனக்காரர்களும் தொண்டர்களும் சேர்ந்து மண்வெட்டியோடு ஏறித் திறந்தார்கள். தண்ணீர் திரும்பி வந்தது. அதன் பிறகு மாகாணத்தில் வேறு பல வாய்க்கால்களும் இப்படி மீண்டிருக்கின்றன. நானும் அப்படி ஒரு வேலைக்குப் போயிருக்கிறேன். வயதான பாசனக்காரர் ஒருவர் எந்தக் கல்லை எங்கே வைத்தால் எவ்வளவு தண்ணீர் கசியும் என்று கையால் காட்டிக்கொண்டே வந்தார். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

ஆகவே வருகிறவர்கள் செய்யக்கூடியது இதுதான்: தேன், பாதாம், செஸ்நட், தக்காளி, எதுவானாலும் அந்த மண்ணில் விளைவிப்பவரிடம் வாங்குங்கள். வாய்க்கால் கரையில் நடக்கும்போது மடைப் பலகையைத் தொடாதீர்கள். ஒவ்வொரு வயலுக்கும் மணிக்கணக்கில் முறைத்தண்ணீர் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள அசேக்கியேரோ என்று ஊர் நியமித்த ஆளும் உண்டு. பையன் விளையாட்டாக ஒரு பலகையைத் தூக்கினால் யாரோ ஒருவரின் முறை போய்விடும்.

வாகை

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை, மிக்க நன்றி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்கிறார்: பனி பெய்கிற மலையில் ஏன் மொட்டைமாடி வீடு? மகன் கேட்பது, ஸ்பெயினின் உயரமான மலையில் ஏற முடியுமா என்று.

பழஞ்சுவர்

கட்டடக் கேள்வி வந்துவிட்டதால் நான். அம்மா சரியான இடத்தில் கேட்டிருக்கிறார்கள்.

இந்த வீடுகளுக்கு மிக நெருங்கிய சொந்தம் மொராக்கோவின் அட்லஸ் மலைக் கிராமங்களில் இருக்கிறது. கல்சுவர், அதன்மேல் செஸ்நட் உத்தரங்கள், அவற்றின்மேல் பலகைக்கல், எல்லாவற்றுக்கும் மேலே லௌனா என்ற சாம்பல் நிறக் களிமண். உள்ளூரிலேயே கிடைக்கும் மண். நனைந்தால் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. அதைத் தேய்பிறையில் பரப்பினால்தான் ஒழுகாது என்பது ஊர் வழக்கம். பனி விழுந்தால் மேலே ஏறித் தள்ளிவிடுவார்கள். அந்தத் தட்டைக் கூரைக்குத் தெர்ராவோ என்று பெயர். அத்தி, மிளகாய், சோளம் எல்லாம் காய்வது அங்கேதான். சரிவில் ஒரு வீட்டின் கூரை மேல்வீட்டுக்காரரின் முற்றம் போல அமைந்துவிடும். தெருவின்மேல் ஒரு அறையை நீட்டிக் கட்டி, கீழே நிழலான வழி விடுவதற்குத் தினாவோ என்பார்கள். மழையிலும் பனியிலும் நனையாமல் போகலாம்.

இதைக் கட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 1492-இல் முஸ்லிம்கள் ஆண்ட கிரானடா கிறிஸ்தவ அரசர்களிடம் வீழ்ந்தபோது முஸ்லிம்களின் மதமும் வழக்கமும் காக்கப்படும் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். பத்து ஆண்டுக்குள் அது காற்றில் போயிற்று, கட்டாய மதமாற்றம் வந்தது. 1567-இல் அரபு மொழி, உடை எல்லாவற்றுக்கும் தடை. 1568 கிறிஸ்துமஸ் சமயத்தில் அல்புஹார்ரா கிளர்ந்தெழுந்தது. 1571-க்குள் அடக்கிவிட்டார்கள். அந்த மக்களைக் கூட்டம் கூட்டமாக நாட்டின் வேறு பகுதிகளுக்குத் துரத்தினார்கள், வடக்கிலிருந்து புதியவர்களைக் குடியேற்றினார்கள். வாய்க்கால் முறையைக் கற்றுக்கொடுக்க ஊருக்குச் சில பழைய குடும்பங்களை விட்டுவைத்தார்கள் என்று ஒரு பேச்சு அங்கே வழங்குகிறது. வெள்ளைச் சுவரை ரசிக்கும்போது அந்த மக்களையும் நினைப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றும்.

தறி பார்க்க ஆசை இருந்தால் பம்பனெய்ராவிலும் புபியோனிலும் கேளுங்கள். ஹராப்பா என்ற கம்பளம், பழைய துணியைக் கிழித்து நாடாவாக்கி நெய்வது. விற்பதில் எல்லாமே அங்கு நெய்ததல்ல. தறி ஓடுகிற இடத்தில் வாங்குங்கள்.

ஒற்றையடி

தம்பியின் கேள்விக்கு. முலாசென் சிகரம் 3,479 மீட்டர். ஐபீரியத் தீபகற்பத்தில் அதுதான் உயரம். ஸ்பெயின் நாடு என்று எடுத்தால் கேனரித் தீவுகளில் உள்ள தெய்தே இன்னும் உயரம், பள்ளியில் யாராவது மடக்கினால் சொல்லட்டும். கோடையில் கபிலெய்ராவிலிருந்து பூங்காவின் சிற்றுந்து ஏறத்தாழ 2,700 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து ஏறி இறங்க ஐந்து ஆறு மணி நேரம். பாதையில் கயிறோ கம்பியோ தேவையில்லை, ஆனால் உயரம் தலைவலி தரும், காற்று பலமாக அடிக்கும். அக்டோபரில் சிற்றுந்து எப்போது நிற்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். கபிலெய்ரா தகவல் நிலையத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மேகம் கூடினால் பாதியில் திரும்பிவிடுங்கள்.

பத்து வயதுக்கு நான் சொல்வது லா செபதியா. கபிலெய்ராவிலிருந்து பள்ளத்தாக்கின் உள்ளே ஆற்றங்கரை வரை நடந்தால், நீர்மின் நிலையத் தொழிலாளர்கள் வாழ்ந்து விட்டுப்போன ஒரு குடியிருப்பு பாழடைந்து நிற்கிறது. வழியில் மலையாடுகள் தென்படும், கொம்பு பின்னோக்கி வளைந்திருக்கும். அரை நாள் நடை.

சூரிச் தவம்

ஒன்று விட்டுவிட்டேன். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்க மலையில் ஓ செல் லிங் என்ற திபெத்தியப் பௌத்த தியான நிலையம் இருக்கிறது. 1980-இல் லாமா யேஷே தொடக்கியது. அவர் இறந்த பிறகு, 1985-இல் பிறந்த ஸ்பானியக் குழந்தை ஒன்றை அவரது மறுபிறவி என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பிள்ளையைப் படிக்க அனுப்பியது கர்நாடகத்தில் உள்ள செரா மடத்துக்கு. பார்வையாளருக்குக் குறித்த நேரம்தான், முன்கூட்டியே கேட்டுப் போங்கள். கரடுமுரடான மண்பாதை.

இன்னொன்று, ஆகஸ்டில் போகிறவர்களுக்கு: 1982 முதல் அல்புஹார்ராவில் பாரம்பரிய இசை விழா நடக்கிறது, ஒவ்வொரு ஆண்டும் வேறு ஊரில். அங்கே த்ரோவோ கேளுங்கள். இரண்டு பேர் வயலின், கிட்டார் பின்னணியில் அந்த இடத்திலேயே ஐந்தடிப் பாட்டுக் கட்டி ஒருவரையொருவர் மடக்குவார்கள். நம் எசப்பாட்டுத்தான், மொழி மட்டும் வேறு. கூட்டம் விசிலடித்துச் சிரிக்கும்போது நமக்குப் புரியாமலே சிரிப்பு வரும்.

வாகை

முடிவு செய்துவிட்டோம். ஒருநாள் சுற்றுலா வேண்டாம். கபிலெய்ராவில் சமையலறையோடு கீழ்த்தள வீடு, வீதியிலிருந்து நான்கே படி, கேட்டு எழுதி வாங்கிவிட்டேன். முதலில் ஊருக்குள்ளேயும் வாய்க்கால் ஓரமும் சும்மா நடப்பது, அடுத்து அப்பாவும் மகனும் லா செபதியா, நானும் அம்மாவும் தறி பார்க்க. ஒரு நாள் எல்லோருமாக ஃபெரெய்ரோலா. சிகரம் அடுத்த முறை என்று மகனிடம் சொல்லியாயிற்று, முகம் இன்னும் தெளியவில்லை. கேள்வி ஒன்றே ஒன்று: குளிர் எப்படி இருக்கும்?

நீர்வழி

நல்ல திட்டம். பகலில் வெயிலில் அரைக்கைச் சட்டை போதும், சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் ஸ்வெட்டர் தேடுவீர்கள். வீட்டில் விறகு அடுப்பு இருக்கிறதா, விறகு தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பிடிமானமான காலணி அவசியம், கல் பதித்த தெரு ஈரத்தில் வழுக்கும். அக்டோபர் 12 ஸ்பெயினின் தேசிய நாள். அதை ஒட்டிய விடுமுறையில் மலை நிரம்பிவிடும். உங்கள் தேதி அதற்குள் போய் முட்டினால் மட்டும் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பப் பாருங்கள்.